கொச்சிப் பேப்பரில் வந்த புருஷன்

இயேசு மரி சூசை துணை

தேவிகுளம்,
8-9-74

அன்புள்ள அத்தானுக்கு,

அன்னமேரி எழுதுவது. சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் சுகம். மாமாவுக்கு இருமல் விட்டுவிட்டது, பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது. எனக்கு மட்டும் கொஞ்ச நாளாக எதைத் தின்றாலும் குமட்டுகிறது. அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், அது அந்தக் குமட்டல் இல்லை. பேப்பரால் வந்த குமட்டல்.

உங்கள் கார்டு வந்தது. மூன்று வரி. சுகம், இன்னும் கையெழுத்துப் போடவில்லை, யார் கேட்டாலும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நல்ல கதை. எனக்கு ஏதாவது தெரிந்தால்தானே சொல்லாமல் இருப்பதற்கு? வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார்கள், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், ஒரு வருஷத்துக்கு அவர்கள் டீமில் பந்தும் ஆடி, ஸ்டோரில் வேலையும் பார்ப்பீர்கள். இந்த வருஷம் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டீர்களாம். பிராக்டிசுக்கும் இறங்கவில்லையாம். காரணம் கேட்டால் வாயே திறப்பதில்லையாம். இதையெல்லாம் நான் பஜார் டீக்கடையில் இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடைக்காரர் கொச்சிப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை மலையாளத்தில் வாசித்து நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்கிறார். சொல்லும்போது தன் கைச்சரக்கையும் சேர்த்துக்கொள்கிறார்.

என்னென்ன எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதலில் உங்களுக்குச் சம்பளம் போதவில்லை என்றார்கள். அடுத்து, கல்கத்தாவில் இருந்து ஒரு கிளப் இழுக்கிறது என்றார்கள். அப்புறம் குடி. ஒரு நாள் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை போல, மலையில் இருந்து வந்தவர்களுக்கு நன்றி என்பதே கிடையாது என்று எழுதிவிட்டார்கள். போன வாரம் ஒரு கேலிப் படம் போட்டிருந்தது. பூட்ஸ் போட்ட பூனை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு பால்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. முகம் உங்கள் முகம். மேலே மிண்டாப்பூச்ச என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதாம். பேசாத பூனை, அதாவது கள்ளப் பூனை.

மறுநாள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வரிசையில் இருந்து மியாவ் என்று சத்தம். பார்த்தால் ராசம்மாள். அவள் மகள் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் கொச்சியில் இருந்து கவுன் வாங்கி வந்து கொடுத்தீர்களே, அந்த ராசம்மாள்தான். அவள் தொடங்கியதும் மலை முழுக்க மியாவ். சூப்பர்வைசரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சீ, என்ன பிறவிகளோ! நீங்கள் கோல் அடித்தபோது தோளில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வரிசை வரிசையாகச் சுற்றியதும் இதே கூட்டம்தான்.

அவர்களைச் சொல்லி என்ன, எனக்கு உங்கள் மேலும்தான் கோபம். ஈஸ்டருக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? இந்த வருஷம் எப்படியும் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள், குவார்ட்டர்ஸ் தருவார்கள், அடுப்படியிலேயே குழாய் இருக்கும், எல்லாரையும் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றீர்கள். அந்தக் குழாயை நினைத்துக்கொண்டுதான் இந்த மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறுகிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். போட்டுத் தொலையுங்களேன். இல்லை, போடாததற்கு ஒரு காரணம் உண்டென்றால் அதை ஊர் கேட்கச் சொல்லித் தொலையுங்கள். இரண்டில் ஒன்று.

பதில் போடுங்கள். மூன்று வரிக்கு மேல் எழுதினால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

உங்கள்
அன்னமேரி


இயேசு மரி சூசை துணை

தேவிகுளம்,
19-9-74

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கப் போவதில்லை. அந்தப் பேப்பர்க்காரன் நம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

நான் மலையில் இருந்தேன். மாமாவும் பாப்பாவும்தான் வீட்டில். லயத்துக்குக் கீழே ஜீப் வந்து நின்றது, பேண்ட், ஷூ, கழுத்தில் கேமரா. சூப்பர்வைசரே வழிகாட்டிக்கொண்டு முன்னால் வந்திருக்கிறான். மாமா வேறு என்ன நினைப்பார்? ஆபீசில் இருந்து யாரோ பெரிய ஆள் என்று எண்ணி, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

உங்கள் அப்பாவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேண்ட் போட்டவன் எதிரே நின்றால் அவருக்கு ஒரே பதில்தான். ஆமாங்கய்யா. தோட்டத்துத் துரைக்கும் அதுதான், டிஸ்பென்சரி டாக்டருக்கும் அதுதான். வலிக்கிறதா என்றால் ஆமாங்கய்யா, வலி போய்விட்டதா என்றால் அதற்கும் ஆமாங்கய்யா. அவர் மட்டும் இல்லை, அவர் வயது ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். இல்லை என்று சொன்னவனை மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் எப்படி நிற்க வைத்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள்.

அவன் மலையாளத்தில் கேட்டிருக்கிறான். மகன் குடிப்பானா? ஆமாங்கய்யா. கூடப் பணம் கேட்கிறானா? ஆமாங்கய்யா. கல்கத்தாக்காரர்கள் முன்பணம் கொடுத்தார்களா? ஆமாங்கய்யா. மகன் செய்வது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, இல்லையா? அதற்கும் கும்பிட்டுக்கொண்டே ஆமாங்கய்யா. அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். படம் எடுத்துக்கொண்டான். மாமாவுக்காக நான் போட்டு வைத்துவிட்டுப் போன காப்பியைக் குடித்தான். கிளம்பும்போது காலில் அட்டை ஏறிவிட்டது என்று கத்தினானாம், மாமா குனிந்து சுண்ணாம்பு தடவி எடுத்துவிட்டிருக்கிறார். அந்த அட்டையை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. தகப்பனே ஒப்புக்கொண்டார் என்று தலைப்பு. மாமா கைகூப்பி நிற்கிற படம். மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கெஞ்சும் ஏழைத் தகப்பன் என்று கீழே எழுதியிருக்கிறதாம். அடுத்த வீட்டுக் கத்தரீனாள் அக்காவின் ரேடியோ பாடியதை நம் வீட்டு ரேடியோ ஆக்கி, இந்த லயத்து வீட்டுக்கு ரேடியோ வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி வேறு. இதற்குப் பேர் எழுத்தா? பிச்சைக்காரன் தட்டில் கைவிடுகிறவன்கூட இவனைவிட மேல். இவன் பேரைச் சொன்னாலே வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல் இருக்கிறது.

மாமா டீக்கடையில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, நான் அப்படியா தாயி சொன்னேன் என்று என்னைக் கேட்டார். அப்படித்தான் சொன்னீர்கள் என்று கத்திவிட்டேன். ஷூ போட்டிருந்தாம் தாயி, ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன், இல்லேன்னு சொல்ல வாயி வரலியே என்றார். அதன் பிறகு பஜார் பக்கமே போவதில்லை. கஞ்சியைக் கொண்டு வைத்தால் பாதியைத் தள்ளிவிடுகிறார். எனக்கு அவரைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

ஞானஜோதியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களோடு அதே டீமில் கோல் கீப்பராக நின்று இப்போது ஊரோடு வந்துவிட்டவன், உங்களோடு ஒரே தட்டில் சோறு தின்றவன், இந்த ஊரில் உங்களுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியவன் அவன்தான். எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். எல்லாரும் ஒரே குட்டையில் முங்கி எழுந்தவர்களாக இருக்கிறார்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு அசிங்கம் வந்திருக்காது. எதற்காக இப்படி அடம் பிடிக்கிறீர்கள் என்று பெண்டாட்டிக்காவது தெரிய வேண்டாமா?

அன்னமேரி


இயேசு மரி சூசை துணை

தேவிகுளம்,
29-9-74

என் அன்புள்ள அத்தானுக்கு,

கவரின் மேல் வேறு ஒரு விலாசத்தை எழுதி அடித்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஞானஜோதி வாசலில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனாகவே வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். மே மாதம் அவன் கால் உடைந்தது எனக்குத் தெரியும். பிராக்டிஸில்தானே உடைந்தது, மேட்சில் இல்லையே, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி அவனை வேலையில் இருந்து நிறுத்தியதும் தெரியும். மீதி எல்லாம் இன்றுதான் தெரிந்தது.

அடிபட்டவனை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று காகிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்களாம். ஞானஜோதிக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுக்கச் சொன்னீர்களாம். டீம் செக்ரட்டரி சிரித்தாராம். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்களாம். இதையெல்லாம் அவனுக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்று வரி, அவனுக்கு நாலு பக்கம். இருக்கட்டும், நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

இதை ஊரறியச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவனைக் கேட்டேன். அவன் எழுந்து கதவில் இருந்து அடுப்பு வரை நடந்து காட்டினான். அத்தான், அவன் கால் தேறவே இல்லை. வலது காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. வெளியே நேராக நடக்கிறாயே என்றேன். பல்லக் கடிச்சிக்கிட்டு நடக்கேன் மைனி, தொர ஜீப்பு தாண்டுற வரைக்கும் நடப்பேன், அப்பறம் செடிக்குள்ள உக்காந்துருவேன் என்றான். கால் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் ஃபேக்டரியில் காவல் வேலை வாங்கியிருக்கிறான். உங்கள் வாயில் இருந்து அவன் பேர் வந்தால் பேப்பரில் அவன் கால் கதையும் வரும். வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். அவனும் அவன் அம்மா செபமாலையம்மாளும் எங்கே போய் நிற்பார்கள்? யாரிடமும் சொல்லாதே, அன்னமேரிக்கும் எழுதாதே என்று அவன்தான் உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். பெண்கள் கூட்டத்தில் இருக்கிறவள், கோபத்தில் கொட்டிவிடுவாள் என்று பயமாம். பயந்தது சரிதான், கொட்டித்தான் இருப்பேன்.

இப்போது அவனே சொல்கிறான். போதும் மைனி, எனக்குச் சோறு எறங்கல, எம்பேரப் போட்டே பேப்பருக்கு எழுதிருங்க, நடக்கது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அழுதான்.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமை மாமாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கொச்சிக் கம்பெனியில் இருந்து துரைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். காகிதத்தில் அந்த வரி எல்லாம் வராது, ஆனால் உன் மகனை மட்டும் நிரந்தரம் ஆக்குகிறோம், குவார்ட்டர்ஸும் உண்டு, பேப்பரிலும் நல்லவிதமாக எழுத வைக்கிறோம், கையெழுத்துப் போடச் சொல்லி மகனுக்கு எழுதுவாயா என்று துரை கேட்டிருக்கிறார். மாமாவுக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆமாங்கய்யாவும் சொல்லவில்லையாம். துண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். துரை இரண்டாம் தடவை கேட்டும் நின்றிருக்கிறார். போ என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த அடுப்படிக் குழாயை நினைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். இன்றைக்கு ஞானஜோதி கதவில் இருந்து அடுப்பு வரை நடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தண்ணீரை நினைத்தால் வாய்க்குள் வைக்க முடியாது போல் இருக்கிறது. ஒருவன் காலை உடைத்துத் தூரப் போட்டுவிட்டு, இன்னொருவன் வாயை அடைக்க வீடு கொடுக்கிறார்கள். அதைப் பேப்பரில் நாலு பத்தி போட்டுப் புகழ்ந்து எழுதவும் ஆள் தயாராக வைத்திருக்கிறார்கள். தூ!

அவன் சொன்னபடியே பேப்பருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். கவர் மேல் விலாசமும் எழுதிவிட்டேன். என் புருஷனைப் பற்றி இந்த ஊர் பேசிய பேச்சுக்கு எல்லாம் ஒரே நாளில் பதில் கிடைக்கும், அந்த ராசம்மாள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது கை பரபரத்தது. அவன் அங்கேயே உட்கார்ந்து, காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டு, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். விலாசத்தை அடித்துவிட்டேன். உன் பேரை எழுத மாட்டேன், போ, ஜீப் வந்தால் நேராக நட என்று சொல்லி அனுப்பினேன். நான் அழுததை அவன் பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அதனால் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போடச் சொல்லி எழுதியதை அடுப்பில் போடுங்கள். யாரிடமும் வாயையும் திறக்க வேண்டாம். ஐந்தாம் தேதி அதுபாட்டுக்கு வந்து போகட்டும். வேலை போனால் போகிறது, என் பேர் தோட்டத்து ஆள் பதிவில், செக்ரோலில் இருக்கிறது, வீட்டை விட்டு யாரும் இறக்க முடியாது. நீங்களும் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பிடிக்க மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள். வழியில் தங்கி, இருட்டிய பிறகு வருகிற பஸ்ஸில் வந்து பஜாரைச் சுற்றிக்கொண்டு மேட்டு வழியாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பகல் பஸ்ஸில்தான் வர வேண்டும். சம்பள வாரம், பஜார் கொள்ளாமல் ஆள் நிற்கும், நிற்கட்டும். பஸ் நிற்கிற இடத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் நிற்பேன். கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு நிற்பேன். வழக்கம் போல உங்களை முன்னால் விட்டு நான் பின்னால் வருவேன் என்று நினைக்க வேண்டாம், பெட்டியின் ஒரு பக்கத்துக் காதை நான் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் நடந்து வருவேன்.

வேளாங்கண்ணி மாதா உங்களைப் பத்திரமாக மலை ஏற்றி விடட்டும். பகல் பஸ், அத்தான்.

உங்கள் மனைவி
அன்னமேரி சுவக்கீன்