எந்த வரியில் உன் அம்மா

இன்று காலை எண்ணூர் போகும் பஸ் சிக்னலில் நின்றபோது அந்த வாடை வந்தது. கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மூக்குக்குள் ஏறி, கண்ணைக் கரித்து, தொண்டையில் போய் உட்காரும் வாடை. உனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னிக்கு இன்னாத்த தொறந்து வுட்டானுங்களோ" என்றாள், மழை வருமா என்று கேட்பதுபோல. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. ஃபோனை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டேன். உன் நம்பரை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கூப்பிட்டு, ஒரு ஆண் குரல் கேட்டு, வைத்திருக்கிறேன். ஆனாலும் அழிக்கவில்லை.

சிக்னல் விழுந்தது, காற்று திரும்பியது, வாடை போய்விட்டது. பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் இதை உனக்கு எழுதுகிறேன்.

சுகாதாரத் துறை அலுவலகத்தின் தகவல் பிரிவில் நாம் இருவரும் அடுத்தடுத்த நாற்காலி. வடசென்னையின் சுகாதார நிலையங்களில் யாருக்கு என்ன நோய் என்று பதிவாவதெல்லாம் நம் திரைக்கு வரும். அதைக் கூட்டி, வாராவாரம் ஒரு கோடாக வரைந்து மேலே அனுப்புவோம். மாநிலத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் போகும். எங்கே டாக்டர் வேண்டும், எங்கே மருந்து வேண்டும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நான் தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பெண். நீ முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துப் பெண். என் வாயில் "ஏட்டி" வந்தால் நீ சிரிப்பாய். நீ "இன்னாமே" என்று கூப்பிட்டால் நான் வேண்டுமென்றே திரும்ப மாட்டேன். இருவருக்கும் ஒப்பந்த வேலை. வருஷக் கடைசியில் புதுப்பிப்பார்களா என்று இருவரும் ஒன்றாகப் பயப்படுவோம்.

உங்கள் குப்பத்துச் சுகாதார நிலையத்தின் கோடு இறங்க ஆரம்பித்த காலம் அது. மூச்சுத்திணறல் என்று வருபவர்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே போனார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆள் வராத இடத்தில் எதற்கு டாக்டர், எதற்கு மூச்சுக்கு மருந்து செலுத்தும் நெபுலைசர், கூட்டம் அதிகமுள்ள வேறு நிலையத்துக்கு மாற்றிவிடலாம் என்று கோப்பு தயாரானது. அந்தக் கோப்பில் இருந்த படத்தை வரைந்தது நாம்தான். நீ அதைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டாய்.

"எளப்பு எப்டிமே கொறையும்? காத்து மாறிச்சா? புகை நின்னுச்சா? ஒண்ணும் மாறல. ஆளு மட்டும் எங்க பூட்டாங்க?"

"சந்தோஷமான விஷயந்தானே ஏட்டி" என்றேன்.

"எனக்குப் பயமா கீது."

மறுநாள் நீ என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாய். நிலையத்தின் வாசலிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெஞ்சு நிறைய ஆட்கள். இடமில்லாதவர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் மூச்சு இழுக்கும் சத்தம் தெருவரை கேட்டது. உள்ளே நர்ஸ் மருந்து கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் புதிதாக வந்த மென்பொருளில் நோயாளியின் ஃபோனுக்கு ஓடிபி வந்து, அதைச் சொன்னால்தான் பதிவு ஏறும். "இல்லன்னா அடுத்த பக்கத்துக்கே போகாது மேடம். நான் மருந்து குடுப்பேனா, ஃபோனுக்கு அலைவேனா?" என்றார் நர்ஸ்.

சுவரோரம் குந்தியிருந்த ஒரு அக்காவிடம் நீ கேட்டாய். அவள் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிச் சொன்னாள்: "வூட்ல ஒரே ஃபோன். அது அவரு கைல கீது. அவரு கடலுக்குப் பூட்டாரு. எனக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்ல, அவரு கரைக்கு வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கணுமா?"

திரும்பி வரும்போது ஆட்டோவில், நாம் வரைந்து அனுப்பிய அத்தனை கோடுகளும் என் கண் முன்னால் வந்தன. இன்னும் எந்தெந்த இடத்தில், எந்தெந்த நோய்க்கு இப்படி இருக்குமோ என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆய்வுக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கூட்டம் என்றால் நீ எப்போதும் புத்தகத் தமிழில் பேசுவாய். அன்று அது உனக்கு வரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உன் குப்பத்துப் பேச்சிலேயே சொன்னாய். 

"சார், ஆளு வந்துகினுதான் கீறாங்க. ஃபோன்தான் வரல."

 அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டார்: "நம்ம டேட்டா தப்புன்னு நாமே சொன்னா, மேல நான் என்ன பதில் சொல்றது? இத்தனை மாசம் அனுப்பினதெல்லாம் என்னன்னு கேட்பாங்களே?" அவர் முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் பயம்தான். அன்று அந்த அறையில் பயப்படாதவர் யாருமில்லை. கடைசியில் கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஃபோன் இல்லாதவர்களையும் பதிவு செய்ய வழி விடச் சொல்லி மேலே எழுதினார். பல வாரம் கழித்து அனுமதி வந்தது. இறங்கிய கோடு மறுபடி ஏறியது. உன் வேலை போய்விடுமோ என்று நான் கும்பிட்ட சாமிகள் கொஞ்சமா நஞ்சமா? நல்லவேளை, போகவில்லை.

அப்புறம் அந்தக் காலை. எங்கிருந்தோ வாயு கசிந்து குப்பங்களுக்குள் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்கிருந்து என்று அப்போது யாருக்கும் தெரியாது. நீ அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய். ஒரு லைனும் கிடைக்கவில்லை. உன் அம்மாவிடம் ஃபோன் கிடையாது. நம் எதிரே திரையில் அந்த நிலையத்தின் பதிவுகள் ஏற ஆரம்பித்தன. பெண், அறுபதுக்கு மேல், மூச்சுத்திணறல். ஆண், சிறு வயது, கண் எரிச்சல், வாந்தி. பெண், அறுபதுக்கு மேல், மூச்சுத்திணறல், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். திரை நிரம்பி, நகர்ந்து, மறுபடி நிரம்பியது.

பெயர்கள் நமக்கு வராது. நோயாளியின் பெயர் புள்ளிவிவரத்துக்கு வரவே கூடாது என்று நீயே சண்டை போட்டவள். இப்போது திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டிருந்தாய்.

"இதுல எங்கம்மா எது? சொல்லுமே. இதுல எங்கம்மா எது?"

 உன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.  மறு கையால் நீ மேலிடத்துக்கு எண்ணிக்கையை அனுப்பிக்கொண்டே இருந்தாய். அதைப் பார்த்துத்தான் ஆக்சிஜன் சிலிண்டர்களும் ஆம்புலன்ஸ்களும் அங்கே திருப்பிவிடப்பட்டன. ஆள் வராத நிலையம் என்று நாம் பெயர் வைத்திருந்த இடத்துக்கு.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன். திருவொற்றியூரில் யார் வீட்டு வாசலிலோ உன் அம்மா. முதல் ஆளாக ஓடியிருக்கிறாள். "கோழிய அப்டியே வுட்டுட்டு வந்துட்டேன்டி, போய்ப் பாரு" என்று கத்தியது எனக்கே கேட்டது. நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். பிறகு திரையைப் பார்த்தாய். உன் சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப இதெல்லாம் யாரோட அம்மாமே?"

அதற்கப்புறம்தான் நீ அழுதாய்.

உன்னைக் கொண்டுபோனது ஒரு கண்டெய்னர் லாரி. மழையில் நனைந்த சாலை, உன் ஸ்கூட்டர், ஒரு திருப்பம். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அந்த வாரத்து விபத்துப் பதிவுகளை நான் திறக்கவில்லை. அடுத்த மேஜைக்காரரைச் செய்யச் சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. உன் அம்மாவைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் போனால் மீன் குழம்பு வைத்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று பஸ் ஏறியது எதற்கென்று கேட்கிறாயா? இப்போது இன்னொரு பதிவு முறை வந்திருக்கிறது. முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்வது. எண்ணூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் கர்ப்பிணிகளின் கோடு சரசரவென்று இறங்கிவிட்டது. அங்கே ஒரு நர்ஸ் பணியிடத்தைக் குறைக்கலாம் என்று கோப்பு தயாராகிறது. போன வாரம் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். எனக்கு அந்த இறங்கும் கோடு பள்ளம்போலத் தெரிந்தது. யாரெல்லாம் அதற்குள் விழுந்து கிடக்கிறார்களோ என்று பயமாக இருந்தது. முன்பு எனக்கு இப்படி இருந்ததில்லை. இது உன்னிடமிருந்து வந்தது.

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். கேமரா முகத்தை ஏற்கவில்லை, ஆதாரில் இருப்பது பழைய படம், நெட் கிடைக்கவில்லை. சிலர் வந்து வந்து பார்த்துவிட்டு, வருவதையே நிறுத்திவிட்டார்களாம். ரத்தமே இல்லாதவள்போல் வெளுத்திருந்த ஒரு சின்னப் பெண், "நாளிக்கு வந்தா எடுக்குமாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

நாளைக்குக் கூட்டம். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. புது அதிகாரி எப்படிப்பட்டவர் என்று தெரியாது. சொல்லப்போனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டேன். எழுந்து நிற்பேன். குரல் நடுங்கும், அது எனக்குத் தெரியும். நடுங்கட்டும்.