கிளெனிஸ் வண்டியில் கழற்றிய ஹோஸ்

குவார்ன்,
அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள கெரிலிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நானும் நாயும் கோழிகளும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை விசாரிக்க உனக்கு நேரமிருந்தால் விசாரி. நீயும் அங்கே சுரங்கத்து லாரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பியைக் கழற்றாமல் நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ உடனே "அம்மா, சிக்னல் போகுது" என்பாய். கடிதத்தில் சிக்னல் போகாது, முழுவதையும் நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன், அதை உள்ளே வைத்துக்கொண்டு மழை பெய்ததையும் கோழி முட்டையிட்டதையும் எழுத எனக்கு வராது. ஜூலையில் நீ வந்து ஒரு வாரம் இருந்தாய், அதில் ஒரு முழு நாள் உன் அப்பா வீட்டுக் கொட்டகையில் போயிற்று. அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன், பெற்ற மனுஷன்தானே, பேசட்டும் என்று விட்டேன். அங்கே நீ என்ன செய்தாய் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது, தபாலாபீசில், அதுவும் கிளெனிஸ் வாயால். ஊரே வரிசையில் நிற்கிறது, மொரீன் ஸ்டாம்பு கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், உன் அப்பாவின் புதுப் பெண்டாட்டி கிளெனிஸ் சொல்கிறாள், "நம்ம கெரிலி என் ஜீப்புக்கு எல்லா ரப்பர் ஹோஸையும் புதுசா மாத்திக் குடுத்துட்டா. ரேடியேட்டருக்கு மேல போறது, கீழ போறது, ஹீட்டருக்குப் போறது, ஒண்ணு விடல. எதுவும் ஒழுகல, ஆனா ரப்பர் வயசாயிடுச்சு, ஒழுகுறதுக்கு முன்னாடியே மாத்திடணும்னு நாள் பூரா குனிஞ்சே கிடந்தா, பாவம்." நம்ம கெரிலியாம்! நீ பிறந்தபோது இவள் அடிலெய்டில் எந்தக் கடையில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தாளோ. நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, "ஆமா, அவளுக்குக் கைராசி" என்றுகூடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்கு வயிறு எரிந்தது, கெரிலி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். முதல் நாளே என் வண்டியின் பானட்டைத் திறந்தாய், ஹீட்டர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்தாய், "இறுக்கிப் பிடிக்கிற கிளிப் கிட்ட மெத்துன்னு இருக்கும்மா, உள்ளேருந்து இத்துப்போச்சு, மாத்திடறேன்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டாய், "உங்கப்பா போட்டது, நல்லாத்தான் இருக்கு, கை வைக்காதே" என்றேன். சொன்னேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அம்மா வேண்டாம் என்றால் பெற்ற மகள் உடனே விட்டுவிடுவதா? சின்ன வயதில் நான் வேண்டாம் என்ற எதை நீ விட்டாய்? அந்த முரட்டுக் குதிரைக்குட்டியை விட்டாயா, மூக்கில் வளையம் குத்திக்கொள்வதை விட்டாயா? என் வண்டி விஷயத்தில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டு நேரே போய் அவள் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டாய். உன் அப்பா போட்டது என்பதால் நான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றும் நினைக்காதே. அவர் வீட்டைவிட்டுப் போன அந்த வாரமே அவருடைய தூண்டில், பூட்ஸ், சீட்டுக்குப் பின்னால் பழைய ஹோஸும் பெல்ட்டும் கம்பியும் போட்டு வைத்திருந்த பெட்டி, எல்லாவற்றையும் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தவள் நான். இன்ஜினில் மாட்டியிருந்ததை எப்படிக் கொட்டுவது, வண்டி ஓடவேண்டாமா. அதனால் அது இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வில்மிங்டனில் கண்காட்சி, பழக்கேக்குப் போட்டி, பத்து மணிக்குள் மேசையில் வைத்துவிடவேண்டும், அதற்கு மேல் யார் வந்தாலும் வாங்கமாட்டார்கள். போன வருடம் கிளெனிஸுக்குத்தான் முதல் பரிசு, நடுவரும் அடிலெய்டுக்காரர், நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை விடக்கூடாது என்று கேக்கைப் பல நாள் பிராந்தியில் ஊறவைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் வண்டிக்குள் ஒரு தித்திப்பு வாடை. கேக்கு என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்குள் முன்னாலிருந்து ஆவி கிளம்புகிறது, சூடு காட்டுகிற முள் ஏறுகிறது. நல்லவேளை, உடனே நிறுத்தினேன், அந்த அளவுக்கு எனக்கு வண்டி தெரியும். திறந்து பார்த்தால் இன்ஜினுக்குப் பின்னால், நீ விரல் வைத்த அதே இடத்தில், கிளிப்பை ஒட்டி ஹோஸ் வாய் பிளந்து கிடக்கிறது. ரேடியேட்டரின் பச்சைநிறத் தண்ணீர் அத்தனையும் ரோட்டில். மாற்ற ஒன்றுமில்லை, பெட்டிதான் குப்பைமேட்டில் இருக்கிறதே. சிக்னலும் இல்லை. கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்த வண்டி யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர்ப்பக்க ரோட்டில் நிற்கிற வண்டியைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள், ஆனால் இவள் பட்டணத்துக்காரி, போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன். நின்றுவிட்டாள். அவள் கேக்கு முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. "இன்ஜின் ஆறட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள். "நீ போ கிளெனிஸ், உன் கேக்காவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்றேன். "ஏன், உன் கேக்கு வராம ஜெயிச்சேன்னு ஊர் பூரா சொல்றதுக்கா?" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள் பார், ஜூலையில் நீ அவள் வண்டியில் கழற்றிய பழைய ஹோஸ்களை. அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பழசைக்கூட மெடல் மாதிரி வைத்துக்கொண்டு அலைகிறாள் என்று மொரீனிடம் சொல்லிச் சிரித்தவள் நான்தான். "தூக்கிப் போடாதேன்னு கெரிலிதான் சொன்னா. ஹீட்டர் ஹோஸ் நேர்க் குழாய்தானே, அளவு ஒத்துப்போனா வேற வண்டிக்கும் வெட்டிப் போடலாமாம்" என்றாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். என் அடுப்படியில் தட்டு கழுவிவிட்டுப் போனாய்.

கிளிப்பைக் கழற்றப் போனால் ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை. அவள் இந்தப் பக்கம் குனிகிறாள், அந்தப் பக்கம் குனிகிறாள், விரல் முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்து, "அடப் பாவி மனுஷா! கிளிப்போட திருகை இன்ஜின் பின்செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கான் பாரு நொயலீன், இடது கைக்காரப் புத்தி! என் ஜீப்புலயும் இதே மாதிரிதான், கெரிலி திட்டிக்கிட்டேதான் கழட்டினா" என்றாள். கெரிலி, அங்கேதான் எனக்கு நெஞ்சில் அடி விழுந்தது. உன் அப்பா எதைப் பூட்டினாலும் அவர் கைக்குத் தோதாக, மற்றவர் கைக்கு எட்டாமல்தான் பூட்டுவார். அதைத் திட்டுகிற உரிமை உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பொறாமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "என் வீட்டுக் கேட்டுத் தாழ்ப்பாளைப் பாரு, இன்னிக்கும் உடம்பை முறுக்கித்தான் திறக்கறேன்" என்றேன். "என் வீட்டு அலமாரியெல்லாம் பின்பக்கமாத் திறக்குது" என்றாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தோம். அவர் போன நாளிலிருந்து அவரைப் பற்றி நான் யாரிடமும் இப்படி வாய்விட்டுப் பேசியதில்லை.

கடைசியில் நானே இடது கையை உள்ளே விட்டுத் திருகினேன், அவள் குழாயை வெட்டி மாட்டினாள். தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை பார்த்து, நீ சொல்லிக்கொடுத்தபடியே அத்தனையும் செய்தாள். பத்து மணி எப்போதோ போய்விட்டது. இனி யாருக்கு என்று இரண்டு கேக்கையும் அவள் ஜீப்பின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்து வெட்டினோம். அவள் கேக்கு நடுவில் கொஞ்சம் வறட்சி, பொறாமையில்லாமல் சொல்கிறேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன், பசி. என் கேக்குக்கு எவ்வளவு பிராந்தி என்று கேட்டாள், சொல்லவில்லை.

பிளந்த ஹோஸைக் குப்பைப் பைக்குள் போடப் போனாள், கொடு என்று வாங்கி வந்துவிட்டேன். ராத்திரி அடுப்படி மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருக்கிறது, உள்ளே கையில் கரியாக உதிர்கிறது, நீ சொன்னது சரிதான். காலையில் குப்பைத்தொட்டியில் போட்டேன். என்னிடம் இருந்த மனுஷன் அவளிடம் போனார், அவளிடம் இருந்த குழாய் இப்போது என் வண்டிக்குள் ஓடுகிறது, அவள் கழித்துப் போட்டதுதான் என்றாலும் இது ஒழுகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. என் வண்டியில் ஒன்று விடாமல் எல்லா ஹோஸையும் மாற்று, நான் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதே. ஒரு நாள் போதாது, இரண்டு நாள் எடுத்துக்கொள், அவளுக்கு ஒரு நாள்தானே கொடுத்தாய். நானும் பக்கத்தில் நிற்பேன், எனக்கும் சொல்லிக்கொடு. கழற்றியதில் நல்லதாக இருப்பதை ஒரு பெட்டியில் போட்டு என் சீட்டுக்குப் பின்னால் வை.

நீ நீண்ட நாள் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், ஏறுகிற லாரியெல்லாம் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடவேண்டும். கிளிப் மாட்டும்போது மட்டும் ஒன்றை மறக்காதே. திருகின் தலை என்னைப் பார்த்தபடி இருக்கட்டும், எனக்கு வலது கை.

என்றும் உன்னை முதலில் பெற்றவள்,
அம்மா
நொயலீன்