ஆளில்லா ஸ்டேஷனில் ஓர் அழைப்பு

உன் மகள் இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸேறி ராஜபாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. "மொதப் பத்திரிகை ஒங்களுக்குத்தான் மாமா. நேர்ல போய்த்தான் குடுக்கணும்னு அப்பா எம்புட்டு தடவ சொல்லிருக்காவ!" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான். நீ போன இந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

இவளுடைய காதுகுத்துக்குத்தானே எனக்குரிய பத்திரிகையை மில் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினாய்! ஒரே ஷெட்டில் எதிரெதிரே மெஷின் பார்க்கிறவனுக்கு ஆள் மூலம் அழைப்பு. நான் விசேஷத்துக்கு வரவில்லை. நாலு மாதம் உன்னோடு பேசவும் இல்லை. மில்லில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? புது மெஷின் பழக நம் இருவரையும் சேர்த்தே ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசாமலே ஊர் பார்க்கக் கிளம்பினோம்; மலையோரம் போகும் ஒற்றைப் பெட்டி ரயில். ஏறிய பின்கதவிலேயே இறங்கலாம் என்று நின்றேன். இறங்கவேண்டிய ஊர் வந்தது, கதவு திறக்கவில்லை. தட்டிப் பார்த்தேன். முன்கதவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்ற நீ, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாய். வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டேஷனில் நீ முன்கதவில் இறங்க, நானும் ஓடிவந்து இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிக்கெட் கொடுக்க ஆளில்லை, ஈ காக்கை இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, வந்துபோகிறவர்கள் எதையாவது எழுதிவைக்க ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு. திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம். கேட்பதற்கு உன்னைத் தவிர யாருமில்லை.

"பின்கதவு ஏன் தொறக்கல?"

"ஆளில்லாத ஸ்டேஷன்ல முன்கதவுதான் தொறக்கும். டிரைவரே டிக்கெட் வாங்கிக்கிடுவாரு. நேத்தே கம்பெனில சொன்னாவல்ல?"

"தெரிஞ்சும் ஏம்லே சொல்லல?"

"நாமதான் பேசுறதில்லையே."

"நீயாவது எறங்கிருக்கலாம்ல?"

"ஒன்னய விட்டுட்டா?" என்றாய், என்னைப் பார்க்காமலே.

அதற்குமேல் என் வீம்பு எங்கே நிற்கும்? ஆனாலும், "வாட்ச்மேன்கிட்ட குடுத்துவிட்டவன்தானலே நீ" என்று ஒரு குத்துக் குத்தினேன். நீ எழுந்துபோய் அந்த நோட்டை எடுத்தாய். நாலு மாதம் முன்பே முடிந்துபோன காதுகுத்துக்கு, நாள் நேரமெல்லாம் போட்டு, தமிழில் அழைப்பு எழுதினாய். வெற்றிலைக்குப் பதில் வேலியில் ஓர் இலையைப் பறித்து மேலே வைத்தாய். இரண்டு கையாலும் நீட்டி, "குடும்பத்தோட வந்துரணும்" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில், வருகிறேன் என்று சொல்லவே மறந்துபோனேன்.

அந்த இலை இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, நரம்பு மட்டும் மிச்சமாக. இன்று அதை உன் மகளிடம் எடுத்துக் காட்டினேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்க ஆள் வேண்டும் என்றாள். அது நீ நிற்கவேண்டிய இடம். நான் நிற்கிறேன்.

முந்தின நாளே வந்துருதேன்லே, குடும்பத்தோட.