குருவித்தாங்கல் இருந்த இடம்

9 ஜூன் 2025, திங்கள்

ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா வீட்டில் இல்லை. தேடிப் போனேன். கம்பெனியின் மூன்றாம் கேட்டுக்கு எதிரே, ஷேர் ஆட்டோ நிற்குமிடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இங்க இன்னாம்மா பண்ற?”

“பகலவன் வந்தா எங்கடி தேடுவான்? ஊர் இருந்த எடத்துல செவுருதான கீது.”

அண்ணன் பகலவன் போனபோது ஊர் இருந்தது. ஊரைக் கம்பெனிக்கு எடுக்க அப்பா சம்மதித்தார். “இனிமே எனக்கு அப்பனே இல்ல” என்று கிளம்பினவன்தான். ஒன்பது வருடம். போன வருடம் அப்பா செத்ததாவது அவனுக்குத் தெரியுமா?

14 ஜூன், சனி

கேன்டீனில் என் ஷிப்ட் சத்யப்பிரியா போன் மேப்பில் எங்கள் ஊர் குருவித்தாங்கலைத் தேடினாள். வரவில்லை. எப்படி வரும்? ரேஷன் கார்டில்கூடப் பக்கத்து ஊர்ப் பெயர்தான் இருந்தது.

“நீயே எழுதி ஃபேஸ்புக்ல போடேண்டி,” என்றாள்.

15 ஜூன், ஞாயிறு

எழுதிப் போட்டேன்.

ஏரிக்கரைக்குக் கீழே ஒரே தெரு. இந்தக் கோடியில் அம்மன் கோயில், அந்தக் கோடியில் தகரக்கூரை சர்ச். கோயிலுக்கு முன்னால் கிணறு. ஒரு பஞ்சத்தில் பாலாற்றுப் பக்கமிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்த மூன்று குடும்பங்கள், தாங்கலில் தண்ணீர் கிடந்ததைப் பார்த்துத் தங்கிவிட்டார்களாம். அந்தச் சின்ன ஏரியைச் சுற்றி அப்போது குருவிகள்தானாம்.

2015 மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அண்ணன் அம்மாவை முதுகில் சுமந்து போய் சர்ச்சில் விட்டான் — இதை எழுதிவிட்டு அழித்தேன்.

17 ஜூன், செவ்வாய்

யாரும் படிக்கவில்லை. யாருக்கு வேண்டும்?

22 ஜூன், ஞாயிறு

யாரோ பதில் போட்டிருக்கிறார்கள். படத்தில் முகமில்லை, ஒரு லாரி. “கிணறு கோயிலுக்கு முன்னால இல்ல. பின்னால, புளியமரத்தாண்ட.”

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஆமா, பின்னாலதான். நீதான் தப்பா எழுதிட்ட,” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள். “யாருடி அது?”

அண்ணனான்னு கேட்டா மறுபடி ஓடிடுவானோ? “அந்தக் கிணத்துல நீச்சல் கத்துக்கினது யாரு?” என்று மட்டும் எழுதினேன்.

23 ஜூன், திங்கள்

“நானும் எழிலும்.”

என் பெயரைப் படித்துவிட்டு, அசெம்ப்ளி லைனில் நின்றுகொண்டே அழுதேன். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்றார்.

சாயங்காலம், அப்பா இல்லை என்று அவனுக்குத் தனியாக எழுதினேன். என் போன் நம்பரையும் போட்டேன்.

27 ஜூன், வெள்ளி

பதிலே இல்ல. ஏன் எழுதித் தொலைச்சேன்? வேற எப்படித்தான் சொல்றது — நேர்ல வரட்டும்னு காத்துக்கினு இருந்திருக்கணுமா?

6 ஜூலை, ஞாயிறு

வந்தான்.

தண்டலத்தில் இறங்கி போன் செய்தான். ஸ்கூட்டியில் போய் அழைத்து வந்தேன். தலை பாதி நரைத்துவிட்டது. மறைமலை நகருக்கு லோடு கொண்டுவந்தபோது ஒரு தடவை இங்கேயும் வந்தானாம். வாட்ச்மேன், அப்படி ஒரு ஊரே கிடையாது என்றானாம். சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டானாம்.

பாதி வழியில் கேட்டான். “அப்பா என்னப் பத்தி எதுனா கேட்டாரா?”

“எப்ப வருவான்னு கேக்க மாட்டாரு. ‘சாப்ட்டிருப்பானா’ம்பாரு.”



அம்மா திட்டவில்லை, அழவுமில்லை. முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மொதல்ல குளி,” என்றாள்.

7 ஜூலை, திங்கள்

காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “எப்ப கெளம்புற?” என்று அண்ணனைக் கேட்டேன். வருகிறபோது பல் விளக்க ஒரு பிரஷ் வாங்கிவரச் சொன்னான்.