அப்துல்லா என்று எழுத மாட்டார்களாம்

என் உயிர் மச்சானுக்கு, உங்கள் ஜெய்னம்பு ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நீங்கள் மவுத்தாகி மூன்று வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உங்களுக்காக துஆ மட்டும்தான் கேட்டேன். இன்றைக்குச் சண்டை போட வந்திருக்கிறேன். வேறு யாரிடம் போட்டாலும் "பொறுமையா இருங்க" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் ரிஸ்வானாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்குக் கும்பகோணம், வீட்டிலேயே பாத்திரக்கடை. இவள் தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள் அல்லவா, அங்கே மாப்பிள்ளை தன் அம்மாவுக்கு ரத்தம் சோதிக்க வந்த இடத்தில் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லி முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாக் கதையும் தெரிந்துதான் வந்தார்கள்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. சுனாமி வந்த மறுநாள், பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு நீங்கள் நாகப்பட்டினம் போனீர்கள். நாலு நாள் கழித்து வந்து, "ஜெய்னம்பு, ஆஸ்பத்திரில ஒரு புள்ள கெடக்குது, கேக்க நாதியில்ல" என்றீர்கள். நமக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம், மடியில் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் அலைந்து, கோர்ட்டில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டு அவளைத் தூக்கி வந்தபோது அவளுக்கு ஒரு வயது இருக்கும். யார் பெற்ற பிள்ளை, எந்தக் குப்பம், எந்த மதம், ஒன்றும் தெரியாது.

மார்க்கத்தை மீறி ஒன்றும் நாம் செய்யவில்லை. தத்தெடுத்த பெண் வளர்ந்தபிறகு வளர்த்தவர் முன்னாலும் முக்காடு போட வேண்டும், அந்நியர் கணக்குத்தான் என்று பள்ளிவாசலில் அப்போதிருந்த ஹஜ்ரத் சொன்னார். கைக்குழந்தையோடு இருந்த உங்கள் தங்கை மும்தாஜைக் கூப்பிட்டு வந்து, அவள் பாலை இந்தப் பிள்ளைக்கும் குடிக்க வைத்தீர்கள். அஞ்சு தடவை நிறையக் குடித்தாள். பால் உறவில் அவள் உங்களுக்குத் தங்கை மகள், நம் மார்க்கத்தில் கட்டக் கூடாத முறை ஆகிவிட்டாள், முக்காடு பிரச்சினை முடிந்தது. ஆனால் அந்தப் பால் தகப்பன் பேர் தராது, மச்சான். பேர் விஷயத்தை நான் எடுக்கும்போதெல்லாம் "அதை அப்பப் பாத்துக்கலாம்" என்று சிரித்தே தட்டிக் கழித்தீர்கள். அந்த 'அப்ப' வந்துவிட்டது. பார்க்க நீங்கள்தான் இல்லை.

போன வியாழக்கிழமை நானும் அவளும் ஜமாஅத் ஆபீசுக்குப் போனோம். உங்கள் கூட்டாளி காதர் பாய்தான் இப்போது தலைவர். ஹஜ்ரத் புதியவர், சின்ன வயது, திருநெல்வேலிப் பக்கம். நிக்காஹ் பதியும் தப்தரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "பொண்ணோட அத்தா பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

"அப்துல்லா" என்றேன். எழுதினார்.

காதர் பாய் இருமினார். "ஹஜ்ரத், அது வளத்த அத்தா."

பேனா நின்றது. எழுதிய பேரை ஒரு கோடு போட்டு அடித்தார். என் கண் முன்னால், மச்சான். அடிக்கும்போது அவர் கையும் கூசியது, அதையும் சொல்ல வேண்டும்.

"பெத்தவர் பேரு?"

"தெரியாது ஹஜ்ரத். சுனாமிப் புள்ள."

"பரவால்லம்மா. அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குப் பொதுவா அப்துல்லான்னு போடுவோம். அல்லாவோட அடிமைன்னு அர்த்தம். உலகத்துல எல்லாரும் அதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அடிச்சதையே திரும்ப எழுதிருங்க."

அவர் யோசித்தார். முகம் சுருங்கியது. "அதான் முடியாதும்மா. வளத்தவர் பேரும் அதுவாவே இருக்கே. அவரைத் தகப்பனா காட்டுன மாதிரி ஆயிரும். அது கூடாது."

கேட்டீர்களா நியாயத்தை? உங்கள் பேர் யூசுபாகவோ இபுராகிமாகவோ இருந்திருந்தால் அவள் அப்துல்லா மகளாகியிருப்பாள். நீங்கள் அப்துல்லாவாகவே இருந்து தொலைத்ததால் ஆக முடியாது. அப்பன் பேர் தெரியாத எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கிற பேர், என் பிள்ளைக்கு மட்டும் கிடையாது. இதை நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"அப்துர் ரஹ்மான்னு போடலாம். அதுவும் அல்லாவோட அடிமைதான்" என்றார்.

"யாரு ஹஜ்ரத் அந்த அப்துர் ரஹ்மான்? எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, கறிக்கடை வச்சிருக்காரு. அவரைக் கேட்டீங்களா?"

காதர் பாய் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ரிஸ்வானா சிரிக்கவில்லை.

அந்த ஹஜ்ரத் கெட்டவர் இல்லை. பெற்றவர்களின் உறவை அழித்துவிடக் கூடாது, நாளைக்குக் கூடப்பிறந்தவனையே தெரியாமல் கட்டிக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரியவில்லை. பெற்றவன் வந்து கேட்டால் நான் கொடுக்க மாட்டேன் என்றா சொல்கிறேன்? அவன் இல்லையே. கடல் கொண்டு போய்விட்டதே. அன்றைக்கு அந்த இடத்தில் எந்தப் பேரும் எழுதாமலே தப்தரை மூடினார்.

இதோடு விட்டார்களா? பிறப்பு மதம் தெரியாத பெண் என்பதால், சாட்சிகள் முன்னால் கலிமா சொல்லவைத்து எழுதி அனுப்ப வேண்டும் என்று மாப்பிள்ளை ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம். ஒன்பது வயதில் குர்ஆன் ஓதி முடித்தவள் அவள். அன்றைக்கு நீங்கள் தெரு முழுக்க நெய்ச்சோறு கொடுத்தீர்கள். அந்தப் பிள்ளை அந்த ஆபீசிலேயே நாலு ஆம்பளைகள் முன்னால் நின்று, இன்றைக்குத்தான் புதிதாக வந்தவள் போலக் கலிமா சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

பெண் சார்பில் நின்று நிக்காஹ் செய்துகொடுப்பவரை வலி என்பார்கள். சரியான பேர்தான் வைத்திருக்கிறார்கள். ரத்த உறவு யாரும் இல்லாததால் ஹஜ்ரத்தே வலியாக நிற்பாராம். நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும், அந்த ஹஜ்ரத் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்க வைத்தால் ஒழிய, தகப்பன் என்ற உரிமையில் நீங்கள் நிற்க முடியாதாம். அதைக் கேட்டபோது, இதைப் பார்க்காமல் போனீர்களே, நல்லது என்று தோன்றியது. தோன்றிய பாவத்துக்கு வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

மறுநாள் அவள் டூட்டி முடிந்து வந்ததும், "அம்மா, வண்டில ஏறுங்க" என்றாள். நேராக ஜமாஅத் ஆபீஸ். ஹஜ்ரத் தனியாக இருந்தார். அவளே பேச்சை எடுத்தாள்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம். தகப்பன் பேர் தெரியலைன்னா என்ன செய்யணும்னு குர்ஆன்லயே இருக்குல்ல?"

"இருக்கும்மா. அவங்க மார்க்கத்துல உங்க சகோதரங்கன்னு இருக்கு."

"வேற பேரு வைக்கச் சொல்லி இருக்கா?"

"இல்ல."

"அப்பத் தெரியாதுன்னே எழுதிடுங்க."

அவர் எழுந்து வெளியே போய், தனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, "எழுதலாம்மா. அதுல பொய் இல்ல" என்று சொல்லி, அந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதினார். குண்டு குண்டான, அழகான கையெழுத்து. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

வருகிற வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஒத்தப் பேருக்காக நான் நாயாப் பேயா மல்லுக்கட்டுறேன். நீ ஒரே வார்த்தையில விட்டுக் குடுத்துட்டியேடி! உங்கத்தா உனக்கு என்னடி கொறை வச்சாரு?"

வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தேன், அழுதுகொண்டேதான் ஓட்டியிருக்கிறாள்.

"நான் விட்டுக் குடுக்கலைம்மா. அப்துர் ரஹ்மான்னு எழுதுனா, அந்த எடத்துல யாரோ ஒருத்தர் வந்து உக்காந்துருவாரு. அத்தாவை எந்திரிக்கச் சொன்ன மாதிரி ஆயிரும். அத்தா பேரு இல்லைன்னா அங்க யாரு பேரும் வேணாம்மா. அது சும்மா கெடக்கட்டும்."

கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என் கோபம் தீரவில்லை, மச்சான், தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கில் அந்தத் தப்தரை வாசிப்பார்கள். பெண்கள் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைக்குத் தகப்பன் தெரியாது என்று ஊரே கேட்கும். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே, அது சும்மா இருக்குமா?

இருக்கும். அது அவளே கேட்டு வாங்கிய வார்த்தை, அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் அவளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிக்கு வருவேன். நம் ஊரில் பெண்களை உள்ளே விடுவதில்லை, கேட்டுக்கு வெளியேதான் நிற்போம். அங்கே நின்று அவள் உங்களுக்கு ஸலாம் சொல்லி, அத்தா என்று கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சட்டத்தில் ஏதும் இருக்கிறதா என்று ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். பாசத்தில் கூப்பிடுவதற்குத் தடை இல்லையாம்.

இப்படிக்கு,
ரிஸ்வானாவின் அத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டவள்,
ஜெய்னம்பு