மார்கிராட்டனுக்கு ஒரு காபி டப்பா

அன்பு மகள் ரோண்டாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. அலாஸ்காக் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் வாங்கின லீவை ரத்து செய்துவிடாதே. அப்பா வருகிறார். போன வாரம் போனில் நான் அழுததையெல்லாம் மறந்துவிடு.

அப்பாவுக்கு என்னதான் ஆச்சு என்று நீ அன்றைக்குக் கேட்டபோது எனக்கே தெரியாது. குளிர்காலம் முழுக்க அவர்தானே ஆசை ஆசையாகத் திட்டம் போட்டார். சமையலறை மேஜையில் விரித்த ஐரோப்பா வரைபடத்தை எடுக்கவே விடவில்லை, நான் பெல்ஜியத்தின் மேல்தான் தட்டை வைத்துச் சாப்பாடு பரிமாறினேன். ஆம்ஸ்டர்டாமில் நீ வந்து சேர்ந்துகொள்வது, அங்கிருந்து இரண்டாம் உலகப் போர் நடந்த நார்மண்டி கடற்கரை, பிறகு பாஸ்டோன் காடு, கடைசியாக நெதர்லாந்தில் மார்கிராட்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், அந்தப் போரில் மாண்ட அப்பாவின் அண்ணன், உன் ஓர்வல் பெரியப்பா. நம் மூன்று பேருக்கும் இங்கிலீஷைத் தவிர வேறு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. லைப்ரரியிலிருந்து டச்சு கேசட் எடுத்துவந்து டிராக்டரில் போட்டுக்கொண்டு, தீவனம் வைக்கும்போது மாடுகளுக்கெல்லாம் டச்சில் நன்றி சொன்னார். பக்கத்துப் பண்ணை டுவேன் சும்மா இருப்பாரா, "ஏன்யா வெர்லின், அங்க போய் வாயத் தொறக்காம இரு, உன்னையும் விவரமான ஆளுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், வரைபடத்தில் மார்கிராட்டனுக்கு வட்டம் போட வேண்டிய நேரம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "நான் வரல லவோன். நீயும் புள்ளையும் போயிட்டு வாங்க" என்று எழுந்து போய்விட்டார். உனக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று நாள் நானும் கேட்டுப் பார்த்தேன், கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம் உன் அப்பாவைக் கரைக்க முடியாது. நாலாம் நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து ராணுவம் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டதாம், உங்கள் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவரட்டுமா, அங்கேயே இருக்கட்டுமா என்று. உன் தாத்தாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை, பாட்டி அறையை விட்டு வெளியே வரவில்லை. பதினெட்டு வயதுப் பையனாக இருந்த அப்பாதான், அவன் கூட்டாளிகளோடேயே இருக்கட்டும் என்று சொன்னாராம். அதை இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார். மே கடைசியில் நினைவு நாளுக்கு நம் தோட்டத்துப் பியோனி பூக்களையெல்லாம் வெட்டி, காபி டப்பாக்களுக்கு வெள்ளித்தாள் சுற்றி, ஊர்க் கல்லறை முழுக்க அவர் வைத்துவிட்டு வருவாரே, தூரத்துச் சொந்தம், சொந்தமே இல்லாதவர்கள் என்று யாரையும் விடமாட்டாரே, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. "ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் பூ வைக்கறேன், அவனுக்கு யாரு வச்சா? அத்தனை வருஷம் அம்போன்னு விட்டுட்டு, இப்பப் போய் ஊர் சுத்திப் பாக்க வந்தவன் மாதிரி கேமராவோட நிக்கச் சொல்றியா" என்றார். உண்மையில் எனக்கும் அதே நினைப்புதான், அந்தக் கல் புல் முளைத்துக் கிடக்கும் என்று.

சரி, நாம் இரண்டு பேராவது போவோம் என்று மறுநாள் அந்த ஊர் விடுதிக்குப் போன் செய்து ஒரு கட்டிலைக் குறைக்கச் சொன்னேன். அங்கே எடுத்த பெண் நம்மைவிடத் திருத்தமாக இங்கிலீஷ் பேசினாள். யாருடைய கல்லறைக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். "அவரு எந்த வீட்டுப் பொறுப்புல இருக்காருன்னு விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள், அங்கே புதைத்த ஒவ்வொருவரையும் பூ வைத்துப் பார்த்துக்கொள்ளச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடும்பம் தத்து எடுத்திருக்கிறதாம், போர்க்காலத்திலிருந்தே, ஒருவர்கூட விட்டுப்போகவில்லையாம். நம் வீட்டுக்கும் அப்போதே யாரோ கடிதம் போட்டிருப்பார்கள். அதற்குள் தாத்தா பழைய பண்ணையை விற்றுவிட்டு இங்கே வந்துவிட்டார், அது எங்கே போய்ச் சேர்ந்ததோ.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. மீக்கே என்று ஒரு பெண், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளாம். நான் நேரே போனை அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அவர் பதற்றத்தில் கேசட்டில் படித்த டச்சு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார், மாடுகளுக்குச் சொன்ன நன்றி உட்பட. அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கே கேட்டது. "உங்க டச்சு பிரமாதம், ஆனா நாம இங்கிலீஷ்லயே பேசிக்கலாங்க" என்றாளாம். அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஓர்வலைத் தத்து எடுத்தவளாம். பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, நினைவு நாளுக்கு என்று ஒரு வருஷம்கூடத் தவறவில்லையாம். மீக்கே சிறு பிள்ளையாக இருந்தபோது ஓர்வலைத் தன் சொந்த மாமா என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். என்ன பூ வைப்பீங்க என்று ஒன்றுதான் கேட்டார் அப்பா. மே மாசத்துக்கு எங்க தோட்டத்துப் பியோனிதான் என்று சொன்னாள்.

போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. திரும்பி வந்து பென்சிலைத் தேடினார், மார்கிராட்டனுக்கு வட்டம் போட்டார், "மொதல்ல இங்கதான், நார்மண்டி எங்கயும் ஓடிடாது" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது ரோண்டா. நேற்று ஞாயிறு பிரார்த்தனையில் பாட்டுகூட உரக்கப் பாடினார், இனி அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நினைவு நாளன்று நாம் அங்கே இருப்போம், அதனால் இந்த வருஷம் இங்கே பூ வைக்கிற வேலையை டுவேன் ஏற்றுக்கொண்டார், யாருக்கு எந்த நிறம் என்று அப்பா அவருக்கு இப்போதே பாடம் நடத்துகிறார், பாவம்.

நீ வரும்போது நடக்கத் தோதான பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வா, புதுசு காலைக் கடிக்கும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. அப்பாவின் பெட்டியில் காலுறைகளுக்கு நடுவே ஒரு காலி காபி டப்பா இருக்கிறது. அங்கே அவர்களிடம் பூ ஜாடி இருக்குமே என்றேன். "நம்ம டப்பாவுல வச்சாத்தான் வீட்டுலேர்ந்து வந்திருக்கோம்னு அவனுக்குத் தெரியும்" என்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், வழியெல்லாம் துணையாக இருக்கட்டும்.

மறக்காமல் உன் வீட்டிலிருந்தும் ஒரு காலி காபி டப்பா கொண்டுவரச் சொன்னார் அப்பா. மீக்கேயின் அம்மா நாலு வருஷத்துக்கு முன் தவறிவிட்டாளாம். அவளுக்கு ஒன்று வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா லவோன்