வெள்ளையடிக்கச் சொன்ன கல்

2 நவம்பர் 1943
கல்லறைத் திருநாள். பூசை முடிந்ததும் என் மனைவி ஃப்ளோரன்ஸ் ரவுண்டானாவுக்கு ஓடினாள். அவள் டீச்சராக இருக்கும் அடையாறு பள்ளிக்கூடத்துக்கு அங்கேதான் பஸ். லேட்டானால் மதர் கத்துவார். நானும் பின்னாலேயே போனேன். மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அதன் வால் நடைபாதைமேல் வந்து அவள் குடையை உரசிக்கொண்டு போனது. அவள் சிரிக்கிறாள்.

5 நவம்பர்
அந்த லாரி டிரைவர் அப்துல் கய்யூமைப் பிடித்துச் சண்டை போட்டேன். "இன்னா சார் பண்றது? நடுத்திட்டுக் கல்லு முழங்கால் ஒசரம் கீது. பின்சக்கரம் ஒரசுனா டயர் கிழிஞ்சிடும். யுத்தத்துல வேற டயர் யார் தருவா? அதான் இந்தாண்ட ஒதுங்கினு போறேன்."
ஒதுங்குகிற இடத்தில்தான் ஜனங்கள் நிற்கிறார்கள்.

6 நவம்பர்
எங்கள் ஆபீஸ் எஞ்சினியர் கல்யாணராமனிடம் ரவுண்டானாவுக்கு நான் போட்ட புது வரைபடம் கொடுத்தேன். கல்லைத் தாழ்வாகச் சரித்துப் பதித்தால் பின்சக்கரம் ஏறி இறங்கிவிடும், லாரி நடைபாதைப் பக்கம் வராது.
"லாரி ஏறவா ரவுண்டானா கட்டினோம்? யுத்தம் முடியட்டும், காஸ்பர்."
அதுவரை ஃப்ளோரன்ஸ் எங்கே நிற்பாளாம்? இவர் வீட்டு வாசலிலா?

9 நவம்பர்
பஸ் நிற்கிற இடத்தில் வெற்றிலை விற்கும் அமீனா பீயை லாரி வால் அடித்துவிட்டது. அங்கேயே செத்துப் போய்விட்டாள். பக்கத்திலேதான் ஃப்ளோரன்ஸ் நின்றாளாம். சேசுவே, என்னால முடியலையே — யார்கிட்ட போய்ச் சொல்றது?

10 நவம்பர்
ஃப்ளோரன்ஸிடம் வேலைக்குப் போகாதே என்றேன். "நான் போகலைன்னா அந்த இடத்துல வேற ஒருத்தி நிப்பா." குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

13 நவம்பர்
உத்தரவு வந்தது. யுத்தத்துக்காகத் தெருவிளக்கை அணைக்கிற இருட்டடிப்பு சமயத்தில் வண்டிகளுக்குத் தெரிய, நாளைக்கே ரவுண்டானாக் கல்லுக்கு வெள்ளையடிக்க வேண்டும். மேற்பார்வை நான்.
வெள்ளையடிக்கத்தான் சொன்னார்கள். நிற்கிற கல்லுக்கா, சாய்ந்த கல்லுக்கா?

14 நவம்பர், ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. கடப்பாரையோடு நானும் இறங்கினேன். "எஞ்சினியர் ஒத்துக்கிட்டாரா சார்?" என்றார் கொத்தனார். ஒத்துக்கொண்டார் என்றேன். எல்லாக் கல்லையும் பெயர்த்துச் சரித்துப் பதித்து, பளிச்சென்று வெள்ளையும் அடித்தோம்.

16 நவம்பர்
வேலை போனது. கல்யாணராமன் கத்தக்கூட இல்லை. கல்லைத் திரும்ப நிமிர்த்த இப்போது ஆள் இல்லையாம். அது போதும். வாடகைக்கு என்ன செய்வேன், தெரியவில்லை.

1 டிசம்பர்
ஃப்ளோரன்ஸ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் வேலை கேட்க அவளோடு கிளம்பினேன். ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நின்றோம். மரம் ஏற்றிய லாரி வந்தது. பின்சக்கரம் வெள்ளைக் கல்மேல் ஏறி இறங்கிப் போனது. நின்றவர்களில் யாரும் தலை நிமிரவில்லை. ஃப்ளோரன்ஸும்தான். என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.